பெயர் தெரியாத கார்பன் ஃபிரேம்: எடையை விடுங்கள், முகவரியைக் கேளுங்கள்

(நமது சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில், மொட்டை மாடியில் பேசியதன் எழுத்து வடிவம்)



தண்ணீர் லாரி, லிஃப்ட் ஏ.எம்.சி., பராமரிப்புக் கட்டணம் என்று ஒன்றரை மணி நேரம் பேசிக் களைத்திருக்கிறீர்கள். கடைசியில் சைக்கிளைப் பற்றிப் பத்து நிமிடம் பேசச் சொல்லிச் செயலாளர் என்னைக் கூப்பிட்டார். காரணம் உண்டு. நம் ஸ்டில்ட் பார்க்கிங்கில் இப்போது பதினொரு ரோடு பைக் நிற்கிறது. காலை ஐந்து மணிக்கு லிஃப்டில் ஹெல்மெட்டும் டைட்ஸுமாக ஆட்கள் இறங்குவதைப் பார்த்து வாட்ச்மேன்கூடப் பழகிவிட்டார். போன மூன்று மாதத்தில் நான்கு பேர் என்னிடம் போனை நீட்டி ஒரே கேள்வியைக் கேட்டார்கள்: "சார், இந்தக் கார்பன் ஃபிரேம் 800 கிராம்தானாம். கம்பெனி பெயர் கேள்விப்பட்டதே இல்லை. விலை மட்டும் கால்வாசி. வாங்கலாமா?"

வாங்கலாம் என்பதுதான் என் பதில். ஆனால் அதற்கு முன் கேட்க வேண்டிய கேள்விகள் வேறு.

முதலில் ஒரு பயத்தை ஒதுக்கி வைப்போம். பெயர் தெரியாத கம்பெனி என்றாலே மட்டம் என்று நினைக்க வேண்டாம். உலகத்தில் ஓடும் கார்பன் ஃபிரேம்களில் பெரும்பாலானவை தைவானிலும் சீனாவிலும்தான் வார்க்கப்படுகின்றன. ஐரோப்பிய, அமெரிக்கப் பெயர் ஒட்டியவையும் அதில் அடக்கம். இன்று எல்லோருக்கும் தெரிந்த ஜயண்ட், 1972-இல் தைவானில் தொடங்கியபோது யாருக்கும் தெரியாத பெயர். அமெரிக்காவின் ஷ்வின் போன்ற கம்பெனிகளுக்குச் செய்து கொடுத்துத்தான் வளர்ந்தது. 2025 டூர் டி பிரான்ஸில் அஸ்தானா அணி ஓட்டியது சீனாவின் ஷென்ஷென் நகரத்து எக்ஸ்.டி.எஸ். கம்பெனியின் சைக்கிளை. அதற்குச் சில வருடங்கள் முன்பு அந்தப் பெயரைச் சொல்லியிருந்தால் நம்மில் எத்தனை பேர் தலையாட்டியிருப்போம்? அவ்வளவு தூரம் போவானேன், நம் அம்பத்தூர் டி.ஐ. சைக்கிள்ஸே மோன்ட்ரா என்ற பெயரில் கார்பன் சைக்கிள் விற்றிருக்கிறது. பலருக்கு அது இன்னும் தெரியாது.

ஒரு எச்சரிக்கை மட்டும். பெயர் தெரியாத கம்பெனி வேறு, தெரிந்த கம்பெனியின் பெயரைத் திருடி ஒட்டியது வேறு. பிரபலமான இத்தாலிய ஃபிரேம் எட்டில் ஒரு பங்கு விலைக்கு வந்தால் அது போலி. பெயின்ட் எவ்வளவு அழகாக இருந்தாலும் அந்தப் பக்கம் போகாதீர்கள். பெயரிலேயே பொய் சொல்பவன் உள்ளே என்ன நூலைப் போட்டிருப்பான்?

இப்போது எடைக்கு வருகிறேன். 1,000 கிராம் ஃபிரேமுக்குப் பதில் 700 கிராம் ஃபிரேம் வாங்குகிறீர்கள். 300 கிராம் மிச்சம். நீங்கள், சைக்கிள், தண்ணீர் பாட்டில் எல்லாம் சேர்த்து 82 கிலோ என்று வையுங்கள். மிச்சமானது நூற்றுக்கு அரைப் பங்குகூட இல்லை. ஏற்காடு மாதிரி ஒரு மலையை ஒரு மணி நேரம் விடாமல் ஏறினால் உங்களுக்குக் கிடைப்பது சுமார் 13 விநாடி. நமக்கோ மலை என்றால் ஜெமினி மேம்பாலம். ஈ.சி.ஆர். சமதரையில் உங்களைப் பிடித்து இழுப்பது காற்று. அதற்கு 300 கிராமைப் பற்றி எந்தக் கவலையும் கிடையாது. உலகப் போட்டிகளிலேயே 2000-ஆம் ஆண்டு முதல் முழு சைக்கிளும் 6.8 கிலோவுக்குக் குறையக் கூடாது என்று யு.சி.ஐ. விதி வைத்திருக்கிறது.

எடை எங்கேயுமே முக்கியமில்லை என்று சொல்லவில்லை. போலியோ பாதித்த குழந்தைகள் மூன்று கிலோவுக்கு மேல் எடையுள்ள உலோகக் காலிப்பரை இழுத்துக்கொண்டு நடப்பதைப் பார்த்துவிட்டு, ஏவுகணைக்கான இலேசான பொருளைக் கொண்டு 300 கிராமில் காலிப்பர் செய்து கொடுத்ததைக் கலாம் பெருமையோடு சொல்வார். அந்தக் குழந்தைக்கு ஒவ்வொரு கிராமும் முக்கியம். திருவான்மியூரிலிருந்து மகாபலிபுரம் போய் இட்லி சாப்பிட்டுத் திரும்பும் நமக்கு அப்படி இல்லை.

அப்படியானால் எதைப் பார்ப்பது? கார்பன் ஃபிரேம் என்பது நூலும் பசையும்தான். தலைமுடியில் பத்தில் ஒரு பங்கு தடிமனுள்ள நூல், அதை இறுக்கிப் பிடிக்கும் எபாக்ஸி ரெசின். விளம்பரத்தில் டி700, டி800, டி1000 என்று போடுவார்கள். அது ஜப்பானின் டோரே கம்பெனி தன் நூலுக்கு வைத்த தரப் பெயர். நூல் இழுவையை எவ்வளவு தாங்கும் என்பதை ஒட்டிய எண். ஃபிரேமுக்கான மார்க் அல்ல. பட்டுப் புடவை வாங்கும் வீட்டம்மாக்களுக்கு இதை நான் விளக்கவே வேண்டாம். ஒரே பட்டு நூல்தான், யார் நெய்தார்கள் என்பதில் அல்லவா இருக்கிறது? எந்த இடத்தில் எத்தனை அடுக்கு, எந்தத் திசையில் நூல், ரெசின் சரியாக இறுகியதா, உள்ளே காற்றுக்குமிழி நின்றதா, இவைதான் ஃபிரேமின் உயிர். வெளியிலிருந்து பார்த்தால் இதில் எதுவும் தெரியாது.

தெரியாததற்கு என்ன செய்வோம்? தி.நகரில் நகை வாங்கும்போது நாமா உரசிப் பார்க்கிறோம்? ஹால்மார்க் கேட்கிறோம், ஆறு எழுத்து எச்.யு.ஐ.டி. எண்ணை ஆப்பில் போட்டுச் சரிபார்க்கிறோம். ஃபிரேமுக்கு அந்த இடத்தில் இருப்பது ஐ.எஸ்.ஓ. 4210 சோதனை அறிக்கை. பெடல் மிதிக்கும் விசையை இயந்திரத்தில் 1 லட்சம் முறை கொடுத்துப் பார்ப்பார்கள், முன்பக்கத்தில் எடையைப் போட்டு மோதவிடுவார்கள். "எங்கள் ஃபிரேம் ஐ.எஸ்.ஓ. தரம்" என்று இணையப் பக்கத்தில் ஒரு வரி போட்டிருந்தால் போதாது. அறிக்கையையே அனுப்பச் சொல்லுங்கள். அதில் நீங்கள் வாங்கும் மாடலின் பெயர் இருக்கிறதா, எந்தப் பரிசோதனைக் கூடம், எந்தத் தேதி என்று பாருங்கள். ஃபோர்க்குக்கும் சோதனை நடந்திருக்க வேண்டும். ஓட்டுபவரின் எடை வரம்பு என்ன என்றும் கேளுங்கள். நம்மில் சிலருக்கு அது அவசியமான கேள்வி, யாரையும் பார்த்துச் சொல்லவில்லை.

பலர் ஏமாறுவது யு.சி.ஐ. ஸ்டிக்கரில். அந்த ஸ்டிக்கர் சொல்வது, ஃபிரேமின் வடிவமும் அளவுகளும் போட்டி விதிக்குள் இருக்கின்றன என்பதை மட்டும். உடையாது என்பதற்கான சான்று அல்ல. ஆனாலும் ஒரு பயன் உண்டு. அங்கீகரித்த ஃபிரேம்களின் பட்டியலை யு.சி.ஐ. பொதுவில் வெளியிடுகிறது. கம்பெனி சொல்லும் மாடல் அதில் இல்லையென்றால், சொன்ன மற்றதையும் சந்தேகப்படலாம்.

இனிமேல்தான் முக்கியமான விஷயம். பெரிய கம்பெனி ஃபிரேம் உடையாதா? உடையும். 2021 மார்ச்சில் பெல்ஜியத்தில் நடந்த போட்டியில் மாத்தியூ வான் டெர் பூல் ஓட்டிய கேன்யன் சைக்கிளின் ஹேண்டில்பார் ஓட்டும்போதே முறிந்தது. உடனே அந்தக் கம்பெனி, அதே ஹேண்டில்பார் உள்ள சைக்கிளை ஓட்டாதீர்கள் என்று வாங்கியவர்களுக்கு அறிவித்தது. அதே வருடம் ஸ்பெஷலைஸ்டு, டார்மாக் எஸ்.எல்.7 மாடலின் ஸ்டீரர் குழாயில் விரிசல் விழலாம் என்று திரும்ப அழைத்துச் சரிசெய்து கொடுத்தது. ஸ்டீரர் என்பது ஃபோர்க்கின் மேல்குழாய், ஹேண்டிலைத் தாங்கும் பகுதி. கோவளம் தாண்டி 35 கி.மீ. வேகத்தில் போகும்போது பெயின்ட் அடிக்காத வேகத்தடையில் அது முறிந்தால், பிரேக் பிடிக்கக் கையில் எதுவும் இருக்காது. முகம்தான் முதலில் தரையில் படும்.

தவறு எல்லோருக்கும் வரும். வந்தபின் உங்களைக் கூப்பிட்டுச் சொல்ல ஆள் உண்டா என்பதுதான் விலையில் உள்ள வித்தியாசம். பிரபலக் கம்பெனிகளின் உச்ச ரக ஃபிரேம்செட் இங்கே நான்கு லட்சத்தைத் தாண்டுகிறது. அதில் பெரும் பங்கு விளம்பரத்துக்கும் பந்தய அணிக்கும் போகிறது, மறுக்கவில்லை. ஒரு பங்கு மட்டும் அந்தப் போன் அழைப்புக்குப் போகிறது. குறைந்த விலையில் வாங்கும்போது அந்த அழைப்பும் கிடைக்குமா என்று பாருங்கள். ஃபிரேமில் சீரியல் எண் இருக்கிறதா, உங்கள் பெயரில் பதிவு செய்கிறார்களா, இந்தியாவில் விற்பனையாளர் இருக்கிறாரா, மாற்றிக் கொடுக்க வேண்டி வந்தால் கூரியர் கூலியும் சுங்க வரியும் யார் தலையில்? இதையெல்லாம் பணம் கட்டும் முன் மின்னஞ்சலில் கேளுங்கள். வரும் பதிலை விட, எத்தனை நாளில் எப்படிப் பதில் சொல்கிறார்கள் என்பது அதிகம் சொல்லும். விற்பதற்கு முன்பே பத்து நாள் மௌனம் என்றால் விற்ற பிறகு எப்படி இருக்கும்?

2020 நவம்பரில் அலிஎக்ஸ்பிரஸ் செயலியை அரசு தடை செய்தபின், சிங்கப்பூர் மச்சான் வழியாக, துபாய் நண்பர் வழியாக என்று ஃபிரேம்கள் வருகின்றன. அப்போது பில் அவர் பெயரில் இருக்கும், வாரண்டி அந்த நாட்டில் இருக்கும், ஃபிரேம் மட்டும் அடையாறில் இருக்கும். தெரிந்தே செய்தால் சரி.

உதிரி பாகமும் இதே கதைதான். பின் கியரைத் தாங்க ஹேங்கர் என்று ஒரு சின்ன அலுமினியத் துண்டு உண்டு. அடிபட்டால் ஃபிரேமைக் காப்பாற்றத் தான் வளைந்து உடையும். நம் குடியிருப்பிலேயே ஒருவருக்கு பனகல் பார்க் அருகே மெட்ரோவுக்காகத் தோண்டிய பள்ளத்தில் அது முறிந்தது. கம்பெனி பெயர் வேண்டாம். அந்த வடிவம் வேறு எங்கும் கிடைக்காமல், ஏழு வாரம் சைக்கிள் பால்கனியில் துணி காயப்போடும் ஸ்டாண்டாக நின்றது. அதனால் யு.டி.எச். என்ற பொது வகை ஹேங்கர் உள்ள ஃபிரேமாகத் தேடுங்கள். ஸ்ராம் கம்பெனி 2019-இல் கொண்டுவந்தது, பல பிராண்டுக்கும் ஒரே துண்டு. அப்படி இல்லையென்றால் ஃபிரேமோடு இரண்டு ஹேங்கர் சேர்த்து வாங்கிவிடுங்கள்.

பெடல் அச்சு உட்காரும் பாட்டம் பிராக்கெட்டில் மரை வெட்டியதா, அழுத்திச் செருகுவதா என்று பாருங்கள். அழுத்திச் செருகும் வகைக்குத் துளை மிகத் துல்லியமாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் மிதிக்கு மிதி கிரீச் கிரீச் என்று கத்தும். துல்லியம் எப்படி என்று தெரியாத கம்பெனியிடம் மரை உள்ளதையே கேளுங்கள். அந்த மரை அளவுக்குப் பெயர் பி.எஸ்.ஏ. ஆமாம், நம் அப்பாக்கள் ஓட்டிய அதே பி.எஸ்.ஏ. துப்பாக்கி செய்த பர்மிங்காம் ஸ்மால் ஆர்ம்ஸ் கம்பெனியின் பெயர், அம்பத்தூர் வழியாக நம் வீட்டு வாசலுக்கு வந்தது. கார்பன் யுகத்திலும் அந்த மரை ஓய்வு பெறவில்லை.

அளவில் எம், எல் என்ற எழுத்தை நம்ப வேண்டாம். ஸ்டாக், ரீச் என்ற இரண்டு எண்களை இப்போது ஓட்டும் சைக்கிளோடு ஒப்பிடுங்கள். ஐம்பதைத் தாண்டியவர்களுக்கு ஸ்டாக் கூடுதலாக இருப்பது முதுகுக்கு நல்லது. டயர் இடைவெளி 32 மில்லிமீட்டராவது வேண்டும். மழைக்குப் பிறகு லஸ் பக்கம் ஒரு தடவை போய்வந்தால் ஏன் என்று புரிந்துவிடும்.

நம் ஊருக்கே உரிய பிரச்சினை ஒன்று உண்டு. கார்பனும் அலுமினியமும் உப்பு ஈரத்தில் ஒட்டி இருந்தால் அலுமினியம் அரித்து, இரண்டும் ஒன்றோடொன்று இறுகிப் போகும். பெசன்ட் நகர் கடற்காற்றும் நம் வியர்வையும் அதற்குப் போதும். அலுமினிய சீட் போஸ்ட் ஃபிரேமுக்குள் சிக்கினால் அறுத்துத்தான் எடுக்க வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒரு முறை வெளியே எடுத்துத் துடைத்து, கார்பன் பேஸ்ட் தடவிப் போடுங்கள்.

கார்பன் நேராக வரும் விசையைத் தாங்கும், பக்கவாட்டில் நசுக்கினால் தாங்காது. 700 கிராம் ஃபிரேமின் மேல்குழாய் பல இடங்களில் ஒரு மில்லிமீட்டர் அளவுதான் இருக்கும். பார்க்கிங்கில் தரை கழுவ சைக்கிளை நகர்த்தும்போது ஒரு ஆக்டிவா அதன் மேல் சாய்ந்தால் போதும். பெயின்ட் அப்படியே இருக்கும், உள்ளே அடுக்கு பிரிந்திருக்கும். சந்தேகம் வந்தால் ஒரு ரூபாய் நாணயத்தால் தட்டிப் பாருங்கள். நல்ல இடம் டிக் என்று ஒலிக்கும், அடிபட்ட இடம் மந்தமாக ஒலிக்கும். ஒலி மாறினால் ஓட்டாதீர்கள். மாறாவிட்டாலும் பெரிய அடி என்றால் விவரம் தெரிந்தவரிடம் காட்டுங்கள். நம் பார்க்கிங்குக்கு 1,000 கிராம் ஃபிரேமே மேல் என்று நான் சொல்வது இதனால்தான்.

சி பிளாக் மாமா கேட்கிறார், இவ்வளவு தொல்லைக்கு அலுமினியமே வாங்கிவிடலாமே என்று. தாராளமாக வாங்கலாம், மாமா. 200 கி.மீ. பிரேவேக்கு 13 மணி 30 நிமிடம் தருகிறார்கள், அலுமினியத்தில் முடிப்பவர்கள் நிறைய. மின்னஞ்சல் எழுதி அறிக்கை கேட்கும் பொறுமை இல்லாதவர்கள் உள்ளூர்க் கடையில் நல்ல அலுமினிய ஃபிரேம் வாங்கி, மிச்சப் பணத்தை நல்ல டயரில் போடுங்கள். பொறுமை உள்ளவர்களுக்குக் கார்பன் மிக இனிமையான வண்டி.

சங்கத்திடம் இரண்டு வேண்டுகோள். பார்க்கிங்கின் கிழக்குச் சுவரில் சைக்கிள் தொங்கவிடக் கொக்கிகள் போட அனுமதி வேண்டும், செலவை நாங்களே பகிர்ந்துகொள்கிறோம். இன்னொன்று, நான் ஒரு டார்க் ரெஞ்சைச் சங்க அலுவலகத்தில் வைத்திருக்கிறேன். கார்பனில் திருகைக் கையளவுக்கு முறுக்கக் கூடாது, திருகின் அருகிலேயே 5 நியூட்டன் மீட்டர் என்பது போல எழுதியிருக்கும், அதற்கு மேல் போகாதீர்கள். ரிஜிஸ்டரில் ஃபிளாட் எண்ணை எழுதிவிட்டு எடுத்துப் போகலாம். ஞாயிறு மாலைக்குள் திரும்ப வைத்துவிடுங்கள்.