அப்பா தூங்கும்போது கோடு கம்பைல் பண்ணலாமா?

முதல்ல ஒரு மன்னிப்பு. பழைய எபிசோடுகளைக் கேட்டுட்டு நிறைய பேர், "பின்னாடி யாரோ கிரைண்டர் போட்டிருக்காங்க"ன்னு எழுதியிருந்தீங்க. அது கிரைண்டர் இல்லை, என் கம்ப்யூட்டர். அந்தச் சத்தத்தை எப்படிக் குறைச்சேன்னுதான் இன்னைக்குப் பேசப் போறேன். ஆனா உண்மையைச் சொல்லணும்னா, நான் இதுல இறங்கினது உங்களுக்காக இல்லை. அப்பாவுக்காக.

நாங்க இருக்கிறது தேர்வாய் கண்டிகை. திருவள்ளூர் மாவட்டம், கும்மிடிப்பூண்டி தாலுகா, ஆந்திர எல்லை பக்கம். 2020-ல திறந்த கண்ணன்கோட்டை - தேர்வாய் கண்டிகை நீர்த்தேக்கத்தால சென்னைக்காரங்களுக்கு இந்தப் பேர் காதுல விழுந்திருக்கும். மத்தபடி எங்க ஊர்னா சிப்காட்தான். அப்பா அங்கே ஒரு கம்பெனியில மெயின்டெனன்ஸ் ஃபிட்டர். மூணு வாரத்துக்கு ஒரு தடவை நைட் ஷிப்ட் வரும். காலையில ஏழு மணிக்கு வீட்டுக்கு வந்து, குளிச்சு, சாப்பிட்டு, எட்டரைக்குப் படுப்பார். நான் வொர்க் ஃப்ரம் ஹோம். எட்டரைக்குத்தான் கம்ப்யூட்டரை ஆன் பண்ணுவேன். ரெண்டும் ஒரே ரூம்ல.

போன மே மாசம், நைட் ஷிப்ட் முடிச்சு வர்ற வழியில அப்பாவுக்குக் கண்ணு சொக்கி, வண்டி ரோட்டை விட்டு இறங்கிடுச்சு. முழங்கைல சிராய்ப்பு, அவ்வளவுதான். பின்னாடி லாரி எதுவும் வரலை. அவர் யாரையும் குத்தம் சொல்லலை. அம்மாதான் சொன்னாங்க: "அந்தப் பொட்டி பக்கத்துல இருந்தா மனுஷன் எப்படிடா தூங்குவாரு? நேத்து மூணு மணி நேரம்கூட தூங்கலை."

அன்னைக்கே சரி பண்ணிடலாம்னு கிளம்பி, ஒரு பெரிய தப்பு பண்ணேன். இன்ஜினியரிங் படிச்சவன்தானே, கொஞ்சம் யோசிச்சிருக்கலாம். ரிச்சி ஸ்ட்ரீட் போய் ரெண்டு எக்ஸாஸ்ட் ஃபேன் வாங்கி, கேபினெட் மேல மாட்டினேன். சூடு வெளியே போச்சுன்னா மத்த ஃபேன் எல்லாம் மெதுவாகும்னு கணக்கு. சூடு ரெண்டு டிகிரிதான் குறைஞ்சது. சத்தம் கூடிடுச்சு.

அடுத்த ஞாயித்துக்கிழமை அப்பாவே டீ டம்ளரோட வந்து கேபினெட் பக்கத்துல உட்கார்ந்தார். முன்பக்கக் கண்ணாடியைத் தட்டிப் பார்த்துட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "காத்து உள்ள வர்ற வழி எதுடா?"

என்கிட்ட பதில் இல்லை. பார்க்க அழகா இருக்குன்னு வாங்கின கேபினெட். முன்னாடி முழுசாக் கண்ணாடி, அதுக்குப் பின்னாடி கலர் கலரா லைட் எரியற மூணு ஃபேன். காத்து நுழையறதுக்கு ஓரத்துல விரல் அகலத்துல ஒரு இடுக்கு. அதுவும் கம்ப்யூட்டர் டேபிள்ல சி.பி.யூ. வைக்கன்னு ஒரு மரப்பொந்து இருக்குமே, அதுக்குள்ள. பின்னாடி வெளியே வர்ற சூடான காத்து சுவர்ல மோதித் திரும்பி, அதே இடுக்கு வழியா உள்ளே போகுது.

"எங்க ஷெட்டைப் பார்த்திருக்கியா? கூரை மேல உருண்டையா சுத்துமே, டர்போ வென்டிலேட்டர். அது மட்டும் இருந்தா போதுமா? கீழே சுவர்ல லூவர் இருந்தாத்தான் அது இழுக்கும். சமையல்கட்டுல ஜன்னல், கதவு எல்லாத்தையும் சாத்திட்டு எக்ஸாஸ்ட் போட்டா புகை போகுமா?" அவ்வளவுதான் சொன்னார். மிச்சத்தை நான் பார்த்துக்கிட்டேன்.

நீங்களும் இதைத்தான் முதல்ல பண்ணணும். காசு செலவே இல்லாத டெஸ்ட். வழக்கமா பண்ற கனமான வேலையை ஒரு கால் மணி நேரம் ஓட விட்டு, ப்ராசஸர் எத்தனை டிகிரின்னு பாருங்க. அப்புறம் கேபினெட்டோட பக்கத்துக் கதவைக் கழட்டி வெச்சுட்டு, அதே வேலையை மறுபடி ஓட விடுங்க. சூடு நல்லாக் குறைஞ்சா, பிரச்சினை காத்துப் பாதையில. குறையலைன்னா, ப்ராசஸர் மேல இருக்கிற கூலர்ல தூசி அடைச்சிருக்கணும், இல்லை தெர்மல் பேஸ்ட் காய்ஞ்சிருக்கணும். எனக்கு 93 டிகிரில இருந்து 80-க்கு இறங்குச்சு. ஒரு கதவைத் திறந்ததுக்கு 13 டிகிரி!

ஆனா கதவைத் திறந்தே வெச்சுக்க முடியாது. சத்தம் நேரா வெளியே வரும். எங்க ஊர்ல தூசியும் வரும். நாள் முழுக்க லாரி ஓடுற ரோடு, செம்மண் புழுதி. அதனால கேபினெட்டைப் பொந்துல இருந்து வெளியே எடுத்து, சுவர்ல இருந்து ஒரு சாண் தள்ளி வெச்சேன். முன்பக்கக் கண்ணாடியைக் கழட்டிட்டு, அந்த இடத்துல ஜன்னலுக்கு அடிக்கிற நைலான் கொசுவலையை வெட்டி ஒட்டினேன். பார்க்க நல்லா இருக்காது. அழகு பார்த்து வாங்கினதோட பலனைத்தான் ஏற்கனவே அனுபவிச்சாச்சே. மேல மாட்டின ரெண்டு எக்ஸாஸ்ட்டையும் கழட்டிட்டேன். இப்போ முன்னாடி மூணு ஃபேன் உள்ளே இழுக்கும், பின்னாடி ஒண்ணு வெளியே தள்ளும். உள்ளே வர்ற காத்து அதிகமா இருந்தா, கேபினெட்டோட சின்னச் சின்ன இடுக்கு வழியாக் காத்து வெளியே கசியும். வலை இல்லாத வழியில தூசி நுழையாது. பதினஞ்சு நாளைக்கு ஒரு தடவை வலையை மட்டும் துடைச்சாப் போதும். உள்ளே பிளோயர் அடிக்கும்போது பவர் கார்டைப் பிடுங்கிட்டு, ஃபேன் இறக்கையை விரலால பிடிச்சுக்கோங்க. அதைத் தாறுமாறா சுத்த விட்டா பேரிங் போயிடும். பவர் சப்ளை பெட்டியை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் பிரிக்காதீங்க.

மூணு ஃபேன் வெச்சா சத்தம் கூடாதான்னு கேட்பீங்க. எனக்கு ரொம்பப் பிடிச்ச கணக்கு இதுதான். ஒரு ஃபேனோட வேகத்தைப் பாதியாக் குறைச்சா, அது தள்ளுற காத்தும் ஏறக்குறைய பாதியாகும். ஆனா சத்தம் சுமார் 15 டெசிபல் குறையும். ரெண்டு ஒரே மாதிரி ஃபேன் பக்கத்துல பக்கத்துல ஓடினா, ஒண்ணைவிட 3 டெசிபல்தான் கூட. அப்போ முழு வேகத்துல ஒரு ஃபேன் ஓடறதுக்குப் பதிலா பாதி வேகத்துல ரெண்டு ஓடினா, கிட்டத்தட்ட அதே அளவு காத்து, 12 டெசிபல் கம்மியா. 10 டெசிபல் குறைஞ்சாலே நம்ம காதுக்குச் சத்தம் பாதியான மாதிரி இருக்கும். அதனாலதான் பெரிய ஃபேன், நிறைய ஃபேன், மெதுவான ஃபேன். ஆனா காத்து வர வழி இருந்தாத்தான் இந்தக் கணக்கு செல்லும். கண்ணாடிக்குப் பின்னாடி மூச்சுத் திணறிக்கிட்டு இருக்கிற ஃபேனுக்கு இது பொருந்தாது.

இவ்வளவும் பண்ணியும் அப்பா முழிச்சுக்கிட்டேதான் இருந்தார். ஒரு நாள் கேட்டேன். "சத்தம் பெருசா இல்லைடா. ஆனா ஏறுது, இறங்குது. ப்ளான்ட்ல மிஷின் சத்தம் இதைவிட எவ்வளவோ அதிகம். அது ஒரே மாதிரி ஓடுறதால காது மறந்துடும். திடீர்னு சத்தம் மாறினாத்தான் எங்களுக்கு முழிப்பு வரும். மிஷின்ல ஏதோ கோளாறுன்னு அர்த்தம்." மெயின்டெனன்ஸ்ல இருக்கிறவரோட காது. நான் ஒவ்வொரு தடவை கம்பைல் பண்ணும்போதும் ஃபேன் 'விர்'ருனு ஏறி, பத்து செகண்ட்ல இறங்கும். அவர் தூக்கத்துல மிஷின் ரிப்பேரைக் கேட்டுக்கிட்டு இருந்திருக்கார்.

இதுக்கு வழி பயாஸ்ல இருக்கு. எந்த டிகிரிக்கு எவ்வளவு வேகம்னு ஒரு கோடு வரையலாம், அதுதான் ஃபேன் கர்வ். பெரும்பாலான போர்டுகள்ல தானா வர்ற கோடு ரொம்பப் பதற்றமானது. நான் 70 டிகிரி வரைக்கும் ஒரே வேகம், 40 சதவீதம்னு வெச்சேன். அதுக்கு மேல மெதுவா ஏறும். பக்கத்துலயே வேகத்தை மாத்தறதுக்கு முன்னாடி எவ்வளவு நேரம் பொறுக்கணும்னு ஒரு செட்டிங் இருக்கும். அதையும் கூட்டிட்டேன். ப்ராசஸருக்கு நாலு செகண்ட் சூடு ஏறினா ஒண்ணும் ஆகாது. இப்போ வர்ற ப்ராசஸர்கள் எல்லை தாண்டினா தானாவே வேகத்தைக் குறைச்சுக்கும்.

அப்புறம், சூட்டையே குறைச்சா என்னன்னு பவர் லிமிட்டையும் இறக்கினேன். ரைசன்னா எக்கோ மோடுன்னு இருக்கும். என்னோட பெரிய ப்ராஜெக்ட் முன்னாடி நாலு நிமிஷத்துல கம்பைல் ஆகும். இப்போ நாலரை நிமிஷம். முப்பது செகண்ட் தாமதம், எனக்குக் கட்டுப்படியாகும்.

ஒண்ணு சொல்லிடறேன். மேல சொன்னது எதுவுமே ரூமைக் குளிராக்காது. ஃபேன் வேலை செய்யறது ரூம் காத்தை வெச்சுத்தான். மே மாசம் மதியம் எங்க ரூமே 36 டிகிரி. அந்தச் சூட்டுக்குக் கீழே கேபினெட்டுக்குள்ள எதுவும் போகாது. "நெட்ல எல்லாருக்கும் 60 டிகிரி காட்டுது, எனக்கு மட்டும் 75"ன்னு பயந்து வேகத்தைக் கூட்டாதீங்க. அவங்க ரூம் 20 டிகிரியா இருக்கும். ரூம் சூட்டுக்கும் ப்ராசஸர் சூட்டுக்கும் எவ்வளவு வித்தியாசம்னு பாருங்க. அதை மட்டும்தான் ஒப்பிட முடியும்.

இப்போ கம்பைல் ஓடும்போது 77 டிகிரி. இந்த வாரம் அப்பாவுக்கு நைட் ஷிப்ட். இந்த எபிசோடை ஹால்ல உட்கார்ந்து பதிவு பண்றேன், அவர் ரூம்ல தூங்கறார், கம்ப்யூட்டர் அங்கேதான் ஓடிக்கிட்டு இருக்கு. நேத்து மதியம் ஒரு மணிக்கு மேலதான் எழுந்தார். அதுவும் கம்ப்யூட்டரால இல்லை. கரண்ட் போச்சு, யு.பி.எஸ். 'பீப் பீப்'னு கத்த ஆரம்பிச்சுடுச்சு. அந்த பஸரை எப்படி வாயடைக்கிறதுன்னு மேனுவலைத் தேடிக்கிட்டு இருக்கேன். கண்டுபிடிச்சா அடுத்த எபிசோட்ல சொல்றேன்.