முன்ஸீட்டின் நடு இடம்

வருஷந்தோறும் புதிது புதிதாக வருகிற கார் மாடல்களின் தோற்றத்தைப் பற்றியும், அவற்றில் சேர்க்கப்படுகிற வசதிகளைப் பற்றியும் வண்டிச் சொந்தக்காரர்கள் என்ன அபிப்பிராயம் கொண்டிருக்கிறார்கள் என்று பேசும்படி வானொலி நிலையத்தார் என்னைக் கேட்டார்கள். சேலம் அம்மாபேட்டையில், தறிச்சத்தம் ஓயாத ஒரு தெருமுனையில் என் தகப்பனார் வைத்த மோட்டார் பட்டறையை நாற்பது வருஷம் நடத்தி, பிறகு மகனிடம் ஒப்படைத்துவிட்டு, இப்போது வாசலில் நாற்காலி போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிற எனக்கு இந்த விஷயத்தில் ஒரே ஒரு தகுதிதான் உண்டு. புது வண்டியை விற்கிற இடத்தில் பணம் கட்டுகிறவர் சிரித்துக்கொண்டிருப்பார். அவருடைய மெய்யான அபிப்பிராயம் ஆறு மாதங் கழித்துப் பட்டறையில் பானெட்டைத் திறக்கும்போதுதான் வெளிவரும். அதைக் கேட்டுக் கேட்டுத் தலை நரைத்தவன் நான்.

வருஷத்துக்கு ஒரு முகம் என்கிற வழக்கம் அமெரிக்காவில் பிறந்தது. ஹென்றி ஃபோர்டு 1908-இல் தொடங்கி 1927 வரை, ஏறத்தாழ ஒரே உருவத்தில், ஒன்றரைக் கோடி மாடல் டி வண்டிகளைச் செய்து தள்ளிக்கொண்டிருந்த காலத்தில், ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனியை நடத்திய ஆல்ஃபிரட் ஸ்லோன் என்பவர், போன வருஷத்து வண்டியை வைத்திருப்பவன் இந்த வருஷத்து வண்டியைக் கண்டு ஏக்கங் கொள்ள வேண்டும் என்று கணக்குப் போட்டு, உருவத்தை அழகுபடுத்துவதற்கென்றே 1927-இல் ஒரு தனி இலாகாவை ஏற்படுத்தினார். நமக்கோ அந்த ஏக்கத்துக்கு இடமே இருக்கவில்லை. கல்கத்தாவுக்கு அருகிலுள்ள உத்தர்பாராவிலிருந்து, இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டைத் தழுவி, 1950-களின் கடைசியில் வரத் தொடங்கிய அம்பாசிடர், 2014 மே மாதத்தில் உற்பத்தி நிற்கும் வரையில் ஏறக்குறைய அதே உடலோடுதான் வந்தது. மாறியதெல்லாம் பெரும்பாலும் முகத்திலிருக்கும் கிரில்தான். ஆடி மாதத்தில் எங்கள் ஊரில் குகை என்கிற பகுதியில் வண்டிகளை ஜோடித்து நடத்துகிற வண்டி வேடிக்கையைப் பார்த்த நேயர்கள் இதை உடனே புரிந்துகொள்வார்கள்: போன வருஷம் கைலாசமாக வந்த வண்டி இந்த வருஷம் பாற்கடலாக வரும், கீழே குனிந்து பார்த்தால் அதே சக்கரம், அதே அச்சு.

ஆனால் அந்த ஒரு கிரில்லுக்கு எங்கள் ஊரில் நடந்த விவாதத்தைக் கேட்டிருக்க வேண்டும்! ஜவுளி வியாபாரி ஒருவர், என் தகப்பனாருடைய சிநேகிதர், பல வருஷம் காத்திருந்து, மார்க் 2 என்ற வண்டிக்குப் பதிவு செய்து வைத்திருந்தார். அதன் முகத்தில் சிறுசிறு கட்டங்களாக ஒரு கிரில் இருக்கும். அவருடைய முறை வந்தபோது காலம் 1975 ஆகிவிட்டது. மார்க் 3 வந்துவிட்டது. கட்டம் போய்க் குறுக்குக் கோடுகள் வந்துவிட்டன. மாலை போட்டு, எலுமிச்சம்பழம் நசுக்கி, நேரே எங்கள் பட்டறைக்கு ஓட்டிவந்து நிறுத்தியவர், இறங்கினதும் இறங்காததுமாக என்னிடம், “ஏந் தம்பி, கட்டம் போட்ட சீலை கேட்டாக் கோடு போட்டதக் குடுத்து அனுப்பிட்டாங்களே!” என்றார். நாள் முழுவதும் சேலைக் கரையையே பார்த்துப் பழகிய கண்ணுக்கு வேறெப்படித் தோன்றும்? நாலு வருஷத்தில், 1979-இல், மார்க் 4 மறுபடியும் கட்டத்தோடு வந்தபோது, ஆசையோடு போய்ப் பார்த்துவிட்டு வந்து, “அது துண்டுக் கட்டம் தம்பி, சீலைக் கட்டமில்லை” என்று தள்ளிவிட்டார். அதற்குள் அந்தக் குறுக்குக் கோடுகள் அவருக்குப் பிடித்துப்போய்விட்டன என்பதுதான் உண்மை. அதை அவர் கடைசிவரையில் ஒப்புக்கொள்ளவில்லை.

கிரில் கண்ணுக்கு. நான் இன்று சொல்ல ஆசைப்படுவது கைக்கும் காலுக்கும் உட்காருகிற இடத்துக்கும் ஆன மாறுதல்களைப் பற்றித்தான். அவற்றைப் பற்றி ஜனங்கள் சொல்லும் அபிப்பிராயம் இன்னும் ஆழமானது. பழைய அம்பாசிடரில் கியர் தடி ஸ்டியரிங்குக்குக் கீழேயே இருக்கும். ஹேண்ட் கியர் என்பார்கள். ஏற்காட்டு மலையின் 20 கொண்டை ஊசி வளைவுகளிலும், வலது கை ஸ்டியரிங்கைத் திருப்ப, இடது கை இருந்த இடத்தை விட்டு அதிகம் நகராமல் கியரை மாற்றிவிட்டு உடனே ஸ்டியரிங்குக்குத் திரும்புவதை, பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவர்களுக்குத்தான் அதன் நேர்த்தி தெரியும். இந்தத் தடி தரையில் இல்லாததால் விளைந்த பெரிய நன்மை, முன்ஸீட் ஒரே நீளப் பெஞ்சாக இருந்தது. டிரைவர், அவருக்குப் பக்கத்தில் ஒரு குழந்தை, கதவோரத்தில் வீட்டுப் பெரியவர். பின்னால் நாலு பேர், மடியில் இரண்டு பேர். தாரமங்கலத்தில் கல்யாணம் என்றால் இரண்டு வண்டியில் ஒரு குடும்பமே போய் இறங்கும். முன்ஸீட்டின் நடு இடம் எந்த வீட்டிலும் கடைக்குட்டியின் சொத்து. ரோடு முழுவதும் தனக்காகவே விரிகிறது என்று அந்த வயதில் நினைக்கக்கூடிய இடம் அது ஒன்றுதான்.

1993-இல் 1800 ஐ.எஸ்.இஸட். என்ற அம்பாசிடர் வந்தது. ஜப்பானிய இசுஸு எஞ்சின். 75 குதிரைச் சக்தி. அதாவது எங்கள் ஊர்க்காரர்கள் வைத்திருந்த டீசல் வண்டியைப்போல அநேகமாக இரு மடங்கு பலம். கியர் தரைக்கு இறங்கி, நாலுக்குப் பதில் ஐந்தாயிற்று. வேண்டுமென்று கேட்டவர்களுக்கு முன்னால் இரண்டு தனித்தனி ஸீட்டும் கிடைத்தது. நான் சொன்ன ஜவுளிக்காரரின் மகன் அதையே கேட்டு வாங்கினார். வண்டியை முதன்முதலில் ஏற்காட்டுக்குக் கொண்டு போய்த் திரும்பிய டிரைவர், டீசல் வண்டி மூச்சு வாங்கிக்கொண்டு ஊர்ந்த மேட்டிலெல்லாம் இது துள்ளிக்கொண்டு ஏறிற்று என்று பட்டறை முழுவதும் பிரதாபித்தார். அதே மனுஷர் அதற்கு ஒரு வாரம் முன்னால், தரைக் கியரைத் தேடிக் குனிகிறவன் ரோட்டை எப்படிப் பார்ப்பான் என்று ஆக்ஷேபித்துக்கொண்டிருந்தார்.

அந்த வண்டி சம்பந்தமாக என் பட்டறைக்கு வந்த முதல் புகார் எஞ்சினைப் பற்றியதன்று. ஜவுளிக்காரர், அப்போது அவருக்கு எழுபது வயதிருக்கும், ஏழு வயதுப் பேத்தியின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தே வந்தார். குழந்தை வண்டியில் ஏற மாட்டேன் என்று அழுகிறதாம். “மேஸ்திரி மாமா, என் எடத்த யாரு எடுத்தாங்க?” என்று அது என்னைக் கேட்டபோது எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. பழைய பெஞ்சைப் பொருத்தித் தர முடியுமா என்று கிழவர் கேட்டார். பொருத்தலாம், ஆனால் கியர் தடி குழந்தையின் முழங்காலில் இடிக்குமே! கடைசியில் இரண்டு ஸீட்டுக்கும் நடுவே ஒரு சிறு மெத்தை தைத்து வைத்துக் கொடுத்தேன். நேயர்களே, அதைப் போல யாரும் செய்ய வேண்டாம். ஒரு திடீர் பிரேக்கில் அந்தக் குழந்தை கண்ணாடியில் போய் மோதியிருக்கும் என்று இன்று நினைத்தாலும் என் மனம் பதறுகிறது. ஆனாலும், புது மாடலைப் பற்றி நான் கேட்ட அபிப்பிராயங்களுக்குள் அதைப்போலத் தெளிவான ஒன்றைப் பிறகு கேட்டதில்லை.

காலைப் பற்றியும் ஒரு வார்த்தை. பழைய வண்டிகளில் ஹெட்லைட்டை டிம் அடிக்கிற பொத்தான் தரையில், இடது காலுக்கு அருகில் இருக்கும். பின்னால் வந்த மாடல்களில் அது ஸ்டியரிங் பக்கம் ஏறிவிட்டது. அதன் பிறகும் பல மாதங்கள், இரவில் சங்ககிரி ரோட்டில் லாரி எதிர்ப்படும்போதெல்லாம், எங்கள் தெரு டிரைவர் ஒருவர் இல்லாத பொத்தானைத் தொம் தொம்மென்று மிதித்துக்கொண்டிருந்தார். எதிரே வந்த லாரிக்காரர்கள் என்ன சொன்னார்கள் என்பதை வானொலியில் சொல்ல முடியாது.

பியட் வண்டியைப் பற்றி விஸ்தாரமாகச் சொல்ல நேரமில்லை. பழைய 1100-இன் முன்கதவு, கீல் பின்பக்கம் இருந்ததால், எதிர்த் திசையில் திறக்கும். புடவை கட்டிய பெண்கள் திரும்பி உட்கார்ந்து காலை உள்ளே எடுத்துக்கொள்ள அது மிகவும் சௌகரியம். ஓட்டத்தில் திறந்துகொண்டால் காற்று கதவையே பிய்த்துவிடும் என்பதால், 1960-களில் அதை மாற்றினார்கள். நியாயந்தான், ஆனாலும் என் தாயார் கடைசிவரையில் பழைய கதவின் கட்சிதான். 1998-இல் சென்னைக்குப் பக்கத்து இருங்காட்டுக்கோட்டையிலிருந்து சான்ட்ரோ வந்தபோது, அதன் உயரத்தைப் பார்த்து, தொப்பி வைத்த டப்பா என்று எங்கள் கடைத்தெரு சிரித்தது. முழங்கால் வலிக்காரர்கள் சிரிக்கவில்லை. குனியாமல் ஏறி உட்காரக்கூடிய காரை அவர்கள் அன்றுதான் கண்டார்கள்.

இப்போதைய வண்டிகளுக்கு வருகிறேன். பட்டனுக்குப் பதில் தொடுதிரை. ஏஸியைக் குறைக்கக்கூடக் கண்ணை ரோட்டிலிருந்து எடுக்க வேண்டியிருக்கிறது என்பது வருகிறவர்களெல்லாம் சொல்லும் குறை. அது எனக்கும் சம்மதம். 2019 ஜூலையிலிருந்து கட்டாயமான வேக எச்சரிக்கை மணி 80 கிலோமீட்டரைத் தாண்டினால் விட்டுவிட்டும், 120-ஐத் தாண்டினால் ஓயாமலும் ஒலிக்கிறது. அதன் ஒயரைப் பிடுங்கிவிடச் சொல்லி மாதம் ஒருவராவது வருகிறார். என் மகன் மறுத்து அனுப்பிவிடுகிறான். அந்த விஷயத்தில் அவன் என்னைவிடக் கெட்டிக்காரன். பிறகு கூரையில் கண்ணாடி வைத்த சன்ரூஃப். சித்திரை மாதத்துச் சேலத்து வெயிலை அறிந்த எவனும் அதைத் தலைக்கு மேலே திறந்து வைத்துக்கொள்ள மாட்டான் என்றுதான் நான் நினைத்தேன். போன மாதம், அன்று நடு இடத்துக்காக அழுத அந்தப் பேத்தி, இப்போது முப்பத்தெட்டு வயது, தானே ஓட்டிக்கொண்டு பட்டறைக்கு வந்தாள். வண்டியில் சன்ரூஃப் இருந்தது. எதற்கம்மா இது என்றேன். “பையனுக்கு மாமா. கொடைக்கானல்ல பின்னாடி ஸீட்லயே பெல்ட்டு போட்டுச் சாஞ்சுகிட்டு மரத்தையெல்லாம் பாத்துகிட்டே வந்தான்” என்றாள். தலையை வெளியே நீட்ட விடாதே என்று மட்டும் சொல்லியனுப்பினேன்.

கண்ணாடிக்கு அப்பாலிருந்து நேரம் ஆயிற்றென்று கை காட்டுகிறார்கள். மைலேஜையும் ரிவர்ஸ் கேமராவையும் பற்றிக் குறித்து வைத்தது அப்படியே கையில் இருக்கிறது. இன்னொரு சந்தர்ப்பம் தந்தால் வந்து சொல்கிறேன். புது வண்டி பார்க்கப் போகிற நேயர்கள், கிரில்லையும் நிறத்தையும் பார்த்து முடித்த பிறகு, வீட்டுக் கிழவியையும் கடைக்குட்டியையும் ஒருமுறை உள்ளே உட்கார வைத்துவிட்டுப் பணம் கட்டுவீர்கள் என்று நம்புகிறேன்.