எரிவு நின்றாலும் குளிசையை நிறுத்தாதீர்கள்
(தோட்டக் கமிட்டிக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



வயிறு எரிந்தால் "நேரத்துக்குச் சாப்பிடாத கெஸ்ட்ரைட்டிஸ்" என்று சொல்லி, வெள்ளை மருந்தைக் குடித்துவிட்டு மலைக்குப் போகிறோம். எரிவு போகாத சிலருக்கு உண்மைக் காரணம் ஹெலிகோபக்டர் பைலோரி என்ற கிருமி. அவுஸ்திரேலிய டாக்டர் பரி மார்ஷல் 1984இல் அந்தக் கிருமியைத் தானே குடித்து, வயிறு நோகக் கிடந்து காட்டினார். 2005இல் அவருக்கும் ரொபின் வொரனுக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

பெரும்பாலும் சிறு வயதிலேயே தொற்றுகிறது. ஒரே காம்பராவில் ஏழெட்டுப் பேர் படுக்கும் லயத்தில் பரவுவது சுலபம். பீலிக்கும் கக்கூசுக்கும் நாம் மகஜர் கொடுப்பது இதற்காகவும்தான்.

மூச்சிலோ மலத்திலோ பரிசோதிக்கலாம். கிருமி இருந்தால் வழக்கமாக 14 நாள் குளிசை தருவார்கள். வாய் கசக்கும், வயிறு கலக்கும். ஐந்தாம் நாள் எரிவு நின்றதும் மிச்சத்தைப் பக்கத்துக் காம்பராவுக்குக் கொடுத்துவிடுகிறோம். அப்படிச் செய்தால் தப்பிய கிருமிக்கு அடுத்த முறை அந்த மருந்து பிடிக்காமல் போகலாம். அந்த நாட்களில் சாராயமும் வேண்டாம், அண்ணன்மாரே. முதுகு வலிக்குக் கடையில் வாங்கும் டைக்ளோபினாக்கும் வயிற்றைப் புண்ணாக்கும்.

மலம் தார் போல் கறுத்தால், இரத்தமாக வாந்தி வந்தால், அன்றைய பேரைப் பார்க்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

குளிசை முடிந்து ஒரு மாதத்துக்குப் பிறகு மறுபடி பரிசோதிக்க வேண்டும். கிளினிக் நாளில் பேர் வெட்டக்கூடாதென்று நிர்வாகத்துக்கு எழுதிக் கொடுத்திருக்கிறோம். கிளினிக் அட்டைகளைப் பத்திரமாக வையுங்கள். பேச்சுவார்த்தைக்கு அவை வேண்டும்.