எண்பது ஆண்டுச் சுற்று

(நூற்றாண்டு விழாவில், 1955 இல் பிறந்த பழைய மாணவிகள் சார்பில் நிகழ்த்தப்பட்ட உரை)



மே மாதத்தில் இரவு பத்து மணிக்குமேல் கொடிகாமத்தில் நின்று கச்சாய்ப் பக்கம் பார்த்தால், தென்சிலுவைக்குக் கிழக்கே பிரகாசமான ஓர் உடு தாழ்வாகத் தெரியும். பெயர் அல்பா சென்டோரி. வெறுங்கண்ணுக்கு ஒன்று, தொலைகாட்டியில் ஒன்றையொன்று சுற்றும் இரண்டு. 1689 டிசெம்பரில் புதுச்சேரியிலிருந்து வால்வெள்ளி பார்த்த ரிஷோ என்ற யேசுசபைத் துறவிதான் அதைக் கண்டுபிடித்தவர்.

பிரயோக கணித வகுப்பில் அதன் சுற்றுக்காலத்தைக் கணிக்கச் சொன்னார் எங்கள் ரீச்சர். சூரியனிலிருந்து பூமியின் தூரம் ஒன்று என்றால், இவ்விரண்டின் சராசரி இடைத்தூரம் ஏறக்குறைய 23.4. அதன் கனத்துக்கு வர்க்கமூலம் எடுத்து, 113 ஆண்டு என்று எல்லோரும் எழுதினோம்.

“பிள்ளையள், அங்கை எத்தனை சூரியன்?” என்றார்.

இரண்டின் திணிவையும் கூட்டினால் சூரியனைப்போல் இரு மடங்கு. கனத்தை இரண்டால் வகுத்து மூலம் எடுக்க 80 வந்தது.

திணிவை எப்படி அறிந்தார்கள் என்று கேட்டோம். சுற்றுக்காலத்தை வைத்துத்தானாம்! அப்படியென்றால் சுற்றுக்காலத்தை வானத்தில் அளந்தே பெறவேண்டும். ஆண்டுதோறும் இரண்டினதும் விலகலையும் திசைக்கோணத்தையும் திகதியோடு குறிப்பார்கள். புள்ளிகள் நீள்வட்டத்தின் ஒரு துண்டாய் அமையும். சம காலத்தில் சம பரப்பு என்பது கெப்ளர் விதி. பத்து ஆண்டில் எட்டிலொரு பங்கு பரப்புக் கடந்தால் முழுச்சுற்று 80. ஒருவரே இருந்து முழுவதையும் பார்த்து முடிக்கத் தேவையில்லை. 1848 முதல் சென்னை வானாய்வு நிலையத்தில் இருந்த கப்டன் ஜேக்கப்பும் இப்படி இரட்டை உடுக்களை அளந்து எழுதிவைத்தவர்தான். திகதி இல்லாத அளவு மட்டும் எதற்கும் உதவாது.

அவ்விரண்டும் 1955 இல் மிக நெருங்கின. நாம் பிறந்த ஆண்டு. 1995 அளவில் மிக விலகி நின்றன. அந்த ஆண்டு இந்தத் தெருவால் யார் யார் நடந்து வந்தார்கள் என்று இம்மண்டபத்தில் சொல்லத் தேவையில்லை. மறுபடி நெருங்குவது 2035 இல். எங்களில் சிலராவது பார்ப்போம்.

இந்த மலருக்காகத் தேடியபோது, 2000 ஆம் ஆண்டு இடப்பெயர்வுக்கு முந்திய சேர்வுப் பதிவேடுகள் கிடைக்கவில்லை. எங்கள் கணிதக் கொப்பிகளும் அப்போதே போயின. வாசலில் ஒரு புதிய கொப்பி வைத்திருக்கிறோம். பெயர், சேர்ந்த ஆண்டு, விலகிய ஆண்டு, பக்கத்தில் இருந்த பிள்ளையின் பெயர் ஆகியவற்றை எழுதிவிட்டுப் போங்கள். ஆண்டு சரியாக நினைவில்லை என்றால், அருகிலிருப்பவரைக் கேட்டு எழுதுங்கள்.