நோட்டு யார் கையில்?

(சூலூரில் தோழர்கள் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



கவிதை வாசிப்பான்னு நெனச்சு வந்தவங்க பொறுத்துக்கணுமுங்க. இன்னிக்கு வட்டியப் பத்திப் பேசறேன்.

‘சேரிச்சனத்துக்குச் சிக்கனம் தெரியாது, குடிச்சே அழிக்கறாங்க, அதனாலதான் கடன்’ என்றொரு பேச்சு ஊருக்குள் நெடுநாளாக உண்டு. இதற்குக் கோபத்தால் பதில் சொல்லிப் பயனில்லை. கணக்கால் சொல்ல வேண்டும். அம்பேத்கர் லண்டனில் டாக்டர் பட்டத்துக்கு எழுதி 1923-இல் நூலாக்கியது ரூபாயைப் பற்றித்தான்.

கணக்கு நோட்டு இதுவரை யார் கையில் இருந்தது? கொங்குத் தோட்டங்களில் அருந்ததியர் பண்ணையாளாக இருந்த காலத்தில், கல்யாணத்துக்கும் நோய்க்கும் வாங்கிய முன்பணம் தோட்டத்துக்காரர் கணக்கில் இருந்தது. கழிந்தது எவ்வளவு, பாக்கி எவ்வளவு என்று அவர் சொன்னதுதான் கணக்கு. 1976-இன் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் அந்தக் கடனைத் திருப்பித் தர வேண்டியதே இல்லை என்றது. ஆனால் தோட்டத்தை விட்டுத் தறிக்கு வந்தால் அங்கேயும் முன்பணம். அதோடு தண்டல் அட்டை, குழுக்கடன் அட்டை. எழுதுகிற கை இன்னமும் வேற ஆளோடதுதான்.

ஆகவே முதல் வேலை, நம் வீட்டில் ஒரு நோட்டு. ஒரு குடும்பத்தை எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்வோம். அவர் தறிக்கு, அந்தம்மா காட்டு வேலைக்கு. ரெண்டு பேருக்கும் மாதம் ரூ.18,000. பத்து வட்டிக்கு வாங்கிய 20,000-க்கு மாத வட்டி 2,000. தண்டல் தினம் 100, மாதம் 3,000. குழுக்கடன் வாரம் 700, மாதம் 2,800. ஆக 7,800 போய்விட்டது. மிச்சம் 10,200-இல் அரிசி, கேஸ், பஸ், ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம். இதில் எங்கே ஊதாரித்தனம்?

இனி வட்டியைத் தனியாக எழுதுங்க. பத்து வட்டி என்றால் வருஷத்துக்கு நூற்றுக்கு 120. தண்டலில் 10,000 என்று சொல்லி 8,500 கையில் கொடுத்து, நூறு நாள் நூறு நூறாக வாங்குவதும் வருஷக் கணக்கில் நூறு சதவீதத்தைத் தாண்டும். பேங்க் நகைக்கடன் பத்துக்குப் பக்கம். அதே 20,000-க்கு மாதம் 170 ரூபாய்கூட வராது. கொஞ்சம் நகை இருந்தால் அங்கே வைத்துப் பத்து வட்டியை முதலில் அடையுங்க. நகை இல்லாதவர்கள் சுயஉதவிக் குழுவின் சேமிப்பிலிருந்து கேளுங்க. எந்தக் கடனுக்கு வட்டி அதிகமோ அதன் கழுத்தை முதலில் பிடிக்கணும்.

வாரச் சம்பளக்காரர்கள் நாலு சனிக்கிழமையை வைத்தே மாதத்தைப் போடுங்க. அஞ்சு சனி வருகிற மாதத்தில் அஞ்சாவது சம்பளம் அசலுக்கு. நோம்பி, சீர், பள்ளி திறப்பு இதெல்லாம் திடீர்ச் செலவு இல்லீங்க, வருஷா வருஷம் வருவதுதான். பன்னிரண்டால் வகுத்து மாதாமாதம் எழுதி வையுங்க.

நோட்டு வெறும் சிக்கனத்துக்கு மட்டுமல்ல, அது சாட்சி. கந்துவட்டி, மீட்டர் வட்டி, தண்டலுக்கு எதிராக 2003-இல் தமிழ்நாட்டில் சட்டம் வந்தது. கட்ட வேண்டியதை நீதிமன்றத்திலேயே கட்டி மனுப்போட அதில் வழி உண்டு. நுண்கடன் வசூலுக்குக் காலை 9-க்கு முன்னும் மாலை 6-க்குப் பின்னும் தொந்தரவு செய்யக் கூடாதென்று ரிசர்வ் வங்கி 2022-இல் விதி போட்டது. எந்தத் தேதியில் எவ்வளவு கொடுத்தோம், யார் எத்தனை மணிக்கு வந்தார்கள் என்பது நம் நோட்டில் இருந்தால்தான் இவை பேசும்.

சட்டம் தானாக வந்து கதவைத் தட்டாது. 2017 அக்டோபரில் நெல்லை ஆட்சியர் அலுவலகத்தில், கந்துவட்டிக் கொடுமையால் ஒரு குடும்பமே, ரெண்டு குழந்தைகளோடு, தீக்குளித்து மாண்டது. அவர்கள் மனுக் கொடுக்காதவர்கள் அல்ல. பலமுறை கொடுத்தவர்கள். தனியாக நின்றார்கள். அதனால்தான் சொல்கிறேன், ஒரு வீட்டு நோட்டாக இது இருக்கக் கூடாது. மாணவத் தோழர்கள் தெருவுக்கு ரெண்டு பேர் மாதம் ஒரு ஞாயிறு உட்காருங்க. எழுதத் தெரியாத பெரியவங்களுக்கு எழுதிக் கொடுங்க, எழுதியதை வாசித்துக் காட்டுங்க. மனுக் கொடுக்கும் நாளில் நாற்பது நோட்டோடு நாற்பது வீடும் போகட்டும்.

வட்டியெல்லாம் அடைத்த பிறகும் வரவு செலவுக்கு எட்டவில்லை என்றால்? அப்போது அந்த நோட்டு நம் குற்றப்பத்திரிகை அல்ல. அது கூலி உயர்வுக் கோரிக்கை. அடுத்த கூலிப் பேச்சுவார்த்தையில் மேசைமேல் அதை வையுங்கள்.