கூரைமேல் ஒரு படகு



கயாக் என்பது துடுப்பு போட்டு ஓட்டும் ஒடுக்கமான சின்னப் படகு. அமெரிக்காவில் அதைக் காரின் கூரைமேல் கட்டிக்கொண்டு ஏரிக்குப் போவது சாதாரணக் காட்சி. '25 கிலோதானே, குறுக்கே ரெண்டு பெல்ட் போதாதா?' என்பீர்கள்.

எடை இங்கே பெரிய விஷயமில்லை, காற்றுதான் விஷயம். 50 கிலோமீட்டர் வேகம் 100 ஆனால் காற்றின் விசை நாலு மடங்கு. ஃப்ளூயிட் மெக்கானிக்ஸில் அரியர் வைத்தவர்களுக்கும் இது தெரியும்! பெல்ட் படகைக் கூரைக் கம்பியோடு அமுக்கிப் பிடிக்கும், சரி. ஆனால் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் மூக்கைக் காற்று தூக்குமே? கம்பியே படகோடு பெயர்ந்து போகலாம். அடி வாங்குவது பின்னால் வருகிற குடும்பம். அதனால்தான் மூக்கிலிருந்து காரின் முன்பக்கக் கொக்கிக்கு ஒரு கயிறு, வாலிலிருந்து பின்பக்கம் ஒன்று. நைலான் நனைந்தால் நீளும், பாலியெஸ்டர் நல்லது. தொங்கும் நுனியைச் சுருட்டிக் கட்டிடணும், சக்கரத்தில் மாட்டினால் வம்பு. ராட்செட் போட்டு முறுக்காதீங்க, பிளாஸ்டிக் படகு நசுங்கிடும். கையால் இழுத்து இறுக்கும் பக்கிளே போதும்.

20 கிலோமீட்டர் போனதும் ஓரங்கட்டி, படகைப் பிடித்து ஆட்டிப் பாருங்க. படகு மட்டும் ஆடினால் இன்னும் இறுக்கணும். காரும் சேர்ந்து ஆடினால் கிளம்பலாம்.