கடைக்குப் பூட்டு இருக்கிறது, கேமராவுக்கு?

(வணிகர்களும் இளைஞர்களும் கலந்துகொண்ட கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



இரவு கடையை அடைக்கும்போது ஷட்டரை இறக்கி, இரண்டு பக்கமும் பூட்டுப் போட்டு, அந்தப் பூட்டை ஒன்றுக்கு இரண்டு முறை இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குப் புறப்படுகிறோம். நல்ல பழக்கம். ஆனால் கல்லாவுக்கு மேலே மாட்டியிருக்கிறோமே கேமரா, அதன் பாஸ்வேர்டு என்ன என்று கேட்டால் நம்மில் எத்தனை பேர் பதில் சொல்வோம்? "மாட்டிவிட்டுப் போன பையனுக்குத்தான் தெரியும்" என்போம். கடைச் சாவியை அப்படி யாரிடமாவது விட்டுவைப்போமா?

திருடனைப் பிடிக்க வைத்த கேமராவே திருடனுக்குக் கையாளாக மாறுமா என்று கேட்கலாம். மாறியிருக்கிறது.

2016ஆம் ஆண்டு 'மிராய்' என்ற நாசகார புரோகிராம் ஒன்று பரவியது. அது செய்த வேலை மிக எளிமையானது. இணையத்தில் இணைந்திருக்கும் கேமராக்கள், டி.வி.ஆர். பெட்டிகள், ரவுட்டர்கள் ஆகியவற்றின் கதவை ஒவ்வொன்றாகத் தட்டும். தொழிற்சாலையிலேயே போட்டு அனுப்பும் பாஸ்வேர்டுகளில் சுமார் 60 அதன் கையில் இருந்தன. 'அட்மின்', '12345' போன்றவைதாம் அவை. அவற்றை மாற்றிமாற்றிப் போட்டுப் பார்க்கும். திறந்தால் உள்ளே புகுந்துகொள்ளும். உச்சக்கட்டத்தில் சுமார் 6 லட்சம் கருவிகள் அதன் பிடியில் இருந்தன. உரிமையாளருக்கோ ஒன்றும் தெரியாது. கேமரா வழக்கம்போல் படம் காட்டிக்கொண்டே இருக்கும்.

2016 அக்டோபர் 21 அன்று, இப்படிச் சிக்கிய கருவிகளைக் கொண்டு அமெரிக்காவின் 'டைன்' நிறுவனத்தைத் தாக்கினார்கள். நாம் ஓர் இணையதளத்தின் பெயரைச் சொன்னால், அதற்குரிய எண்ணைத் தேடித் தரும் வேலையைச் செய்த நிறுவனம் அது. ஒரே நேரத்தில் கோடிக்கணக்கான பொய் விசாரணைகள் குவிந்தால் அது என்ன செய்யும்? திணறிப்போனது. ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் போன்ற பெரிய தளங்களே பலருக்குப் பல மணி நேரம் கிடைக்கவில்லை. யாரோ ஒருவர் மாற்றாமல் விட்ட பாஸ்வேர்டு, முன்பின் தெரியாத இன்னொருவரின் பிழைப்பைக் கெடுத்தது!

இளைஞர்களே, இனி நான் சொல்வது உங்களுக்கு. மிராயை உருவாக்கியவர்கள் யார்? இருபது வயதை ஒட்டிய மூன்று அமெரிக்க இளைஞர்கள். மைன்கிராஃப்ட் என்ற கணினி விளையாட்டை நடத்தும் தொழிலில் போட்டியாளர்களை முடக்குவதில் தொடங்கியது அவர்கள் பாதை. பிறகு அந்த புரோகிராமை அவர்களே எல்லோரும் எடுக்கும்படி வெளியிட்டார்கள். வேறு பலர் கையில் அது ஆயுதமானது. 2017 டிசம்பரில் மூவரின் குற்ற ஒப்புதலும் வெளிவந்தது. 2018இல் நீதிமன்றம் அவர்களுக்கு 5 ஆண்டு நன்னடத்தைக் கண்காணிப்பும் 2,500 மணி நேர சமூகப் பணியும் விதித்தது. புலனாய்வுத் துறைக்குத் துப்புத் துலக்க உதவியதால்தான் சிறை தப்பியது. எந்த அறிவு அவர்களைக் கூண்டில் ஏற்றியதோ, அதே அறிவுதான் காவலுக்கும் பயன்பட்டது என்பதை எண்ணிப் பாருங்கள்!

அந்த அறிவைக் காவலுக்கே கற்றுக்கொள்ளுங்கள். நெட்வொர்க் எப்படி இயங்குகிறது, லினக்ஸ் எப்படி இயங்குகிறது என்பதிலிருந்து தொடங்குங்கள். உங்கள் சொந்தக் கருவியில் மட்டும் சோதித்துப் பழகுங்கள். மோசடி எண்ணத்தோடு அடுத்தவர் கணினியில் அனுமதியின்றி நுழைந்தால், நம் நாட்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66ஆம் பிரிவின்படி 3 ஆண்டு வரை சிறை உண்டு.

வணிகர்களே, உங்கள் கடையின் கேமராவில் பதிவாவது உங்கள் முகம் மட்டுமல்ல. நம்பி வரும் தாய்மார்களின் முகம், வாடிக்கையாளர் ஏ.டி.எம். அட்டையின் ரகசிய எண்ணை அழுத்தும் விரல், எல்லாம் பதிவாகின்றன. அது நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம் அல்லவா?

எனவே நாளைக் காலையே ஒரு வேலை செய்யுங்கள். கேமரா பெட்டியின் இணையத்தைத் துண்டித்து, அணைத்துவிட்டு மீண்டும் போடுங்கள். மிராய் போன்றவை நினைவகத்தில் மட்டும் தங்குவதால் அணைத்தால் அழியும். ஆனால் பழைய பாஸ்வேர்டோடு மறுபடி இணைத்தால் சில நிமிடங்களிலேயே திரும்ப வந்துவிடும். ஆகவே நீளமான புதிய பாஸ்வேர்டு போட்ட பிறகே இணையுங்கள். ரவுட்டருக்கும் அப்படியே. பில் போடும் கம்ப்யூட்டரும் கேமராவும் ஒரே வைஃபையில் இருந்தால் பிரித்து வையுங்கள். வெளியூரிலிருந்து பார்க்கும் வசதி தேவையில்லை என்றால் அதை மூடிவிடுங்கள்.

புதிதாக வாங்கும்போது விலையை மட்டும் கேட்காதீர்கள். பாஸ்வேர்டை மாற்ற முடியுமா, எத்தனை ஆண்டுக்கு அப்டேட் தருவார்கள் என்றும் கேளுங்கள். எல்லாக் கருவிக்கும் ஒரே பாஸ்வேர்டு போட்டு விற்பதைக் கலிபோர்னியா 2020 முதலும், பிரிட்டன் 2024 ஏப்ரல் முதலும் சட்டத்தால் தடுத்துவிட்டன. நாம் கேட்டால்தான் நம் கடைவீதியிலும் நல்ல பொருள் வரும்.

ஒவ்வொரு கடைவீதிக்கும் இதைக் கற்ற இரண்டு இளைஞர்கள் போதும். பெரியவர்கள் கடையைத் திறந்துவிடுங்கள். இளைஞர்கள் போய்ப் பூட்டைச் சரிபார்த்துக் கொடுங்கள். அந்தப் புதிய பாஸ்வேர்டை மட்டும் முதலாளியே தம் கையால் போடட்டும்!